ஒன்றுவிட்ட பெரியப்பா மகன்

நான் சந்தேகப் பிராணி. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை, எனக்கே தெரியும். பால்காரர் படியைச் சாய்த்துப் பிடிக்கிறாரா என்று குனிந்து பார்ப்பேன். வயிற்றுவலி என்று லீவு கேட்கும் பிள்ளையிடம் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்பேன். அரைமணி கழித்து மறுபடியும் கேட்பேன், பக்கம் மாறுகிறதா என்று பார்க்க. யாராவது என்மேல் பிரியமாக இருந்தால், இதற்கு என்ன காரணமாக இருக்கும் என்றுதான் முதலில் யோசனை ஓடும். அப்பா போன பிறகு இருபத்து நாலு வயதில் குடும்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டவளுக்கு அந்தக் குணம் வேண்டியிருந்தது என்று அம்மா எனக்காகப் பரிந்து பேசுவாள். அம்மா சொன்னதையும் நான் முழுக்க நம்பியதில்லை.

அறுபதுகளின் பின்பாதி. எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. கீழே நான், அம்மா, என் தங்கை. மாடியில் ஒரு கூடமும் சின்ன அறையும். அப்பா பட்டுநூல் வியாபாரம் செய்த காலத்தில் நூல் மூட்டைகள் அடுக்கியிருந்த இடம் அது. அவருக்குப் பிறகு காலியாகிவிட்டது. நான் தனியார் நிர்வாகப் பள்ளி ஒன்றில் டீச்சர். என் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிடலாம், நாலாவது செலவு எதுவும் வரக்கூடாது.

வைகாசித் திருவிழாவில் கருட சேவைக்கு விடியுமுன் கோபுர வாசலில் நிற்கவேண்டுமென்றால் முதல்நாளே வந்தாகவேண்டும். வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள்? சத்திரங்கள் நிரம்பி வழியும். அதனால் எங்கள் தெருவில் மாடி உள்ள வீடுகள் எல்லாம் ஆட்களைத் தங்கவைத்தன. வாடகை என்று யாரும் சொல்வதில்லை. போகும்போது அம்மா கையில் எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். அம்மாவும் "எதுக்குங்க இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையில் முடிந்துகொள்வாள். அந்த முடிச்சில்தான் தங்கையின் கல்யாணத்துக்கு ஒவ்வொரு பாத்திரமாக வாங்கினோம்.

வெளியூரில் காலரா என்று பேச்சு அடிபட்ட ஒரு வருஷம், சித்திரைக் கடைசியில், நகராட்சியிலிருந்து தெருத் தெருவாகத் தண்டோரா போட்டார்கள். திருவிழாவுக்கு வரும் யாத்ரீகர்களைக் காசு வாங்கிக்கொண்டு தங்கவைக்கும் வீட்டுக்காரர்கள் இனிமேல் பதிவு செய்து லைசென்சு வாங்கவேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கவேண்டும். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கவேண்டும். ஓர் அறையில் இத்தனை தலைதான் என்று வாசலில் எழுதி வைக்கவேண்டும். வருகிறவர்கள் ஊசி போட்ட சீட்டைக் காட்டவேண்டும். ஒரு நோட்டுப் போட்டு அவர்கள் பெயர், ஊர், வந்த நாள், போன நாள் எல்லாம் எழுதி, இன்ஸ்பெக்டர் கேட்டால் காட்டவேண்டும்.

நல்ல காரியம்தான், இன்றைக்கு யோசித்தால். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. லைசென்சு என்று கூப்பிட்டு வைத்து வீட்டுவரியை ஏற்றப்போகிறார்கள் என்று தோன்றியது. அதைவிடப் பெரிய சிக்கல், வீடு இன்னும் தாத்தா பேரில் இருந்தது. லைசென்சுக்குச் சித்தப்பாவின் கையெழுத்தும் வேண்டும். அப்பா செத்த பதினாறாம் நாள் காரியத்திலேயே மாடியைத் தன் பங்கு என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் அவர். அவரிடம் போய் மாடிக்கு லைசென்சு வாங்கக் கையெழுத்துக் கேட்பதைவிட மாடியை இடித்துவிடலாம்.

எதிர்வீட்டம்மா முதல் ஆளாக லைசென்சு வாங்கிவிட்டார். தகரத்தில் எண் எழுதி வாசலில் ஆணி அடித்து மாட்டினார். அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் ஒருநாள் முழுக்க வைத்திருந்தார். அதுவரை எங்களோடு நன்றாகத்தான் இருந்தவர், பலகை மாட்டிய பிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டார். அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

"டீச்சரம்மா, இன்னும் வாங்கலியா? படிச்சவங்க வூட்லயே வாங்கலன்னா எப்டிமா?" என்று தெருவே கேட்கும்படி கேட்டார்.

"நாங்க யாரையும் வெக்கறதில்லைங்க. சொந்தக்காரங்க வந்தா தங்குவாங்க, அவ்ளோதான்."

இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. உறவினர் தங்கினால் இந்த விதி பொருந்தாது என்று தண்டோராவிலேயே சொல்லியிருந்தார்கள். லைசென்சு வாங்காத வீடுகள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டன. கருட சேவைக்கு முதல்நாள் எங்கள் தெருவே ஒரே குடும்பமாகிவிட்டது. வந்து இறங்குகிறவர்களைக் கால் கழுவச் சொல்வதற்கு முன்னால் முறை சொல்லிக்கொடுத்தார்கள். நீங்க எனக்கு மாமா, நீங்க அத்தை, இந்தக் கொழந்த எனக்குப் பேரன். மூன்றாவது வீட்டில் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், வீட்டுக்காரரைத் தம்பி என்று கூப்பிடப் பகல் முழுக்கப் பழகிவிட்டு, இன்ஸ்பெக்டர் வந்ததும் பதற்றத்தில் "சார்" என்று கூப்பிட்டுவிட்டார். அந்த வீட்டில் பாய்களைச் சுருட்டவேண்டியதாயிற்று.

அந்த வருஷம்தான் அவர்கள் முதன்முதலாக வந்தார்கள். வாலாஜாபாத்திலிருந்து ஓர் அம்மாளும் அவள் மகனும். அவன் ஒரு ரைஸ்மில்லில் மெஷின் பார்க்கிறவன். கரிய நிறம், நிதானமான பேச்சு, சட்டைக் கையை மடிக்கும்போதுகூட இரண்டு கையிலும் ஒரே அளவாக மடிப்பான். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன். பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். யார் என்று தெரியாதாம். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. வாலாஜாபாத் என்ன டில்லியா? பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

"விடியறதுக்கு முன்ன பஸ் கெடைக்காதுமா. எனக்குக் கருட சேவை பார்க்கணும்னு ரொம்ப நாளா வேண்டுதல்" என்றாள் அந்த அம்மாள். அம்மா உடனே அவர்களை மாடிக்கு அனுப்பிவிட்டாள்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். சுகாதார இன்ஸ்பெக்டர் தெருவில் நுழைந்துவிட்டார் என்று வீட்டுக்கு வீடு செய்தி வந்தது. நான் மாடிக்கு ஓடி, அங்கிருந்த ஐந்தாறு பேருக்கும் முறை சொல்லி முடித்துக் கீழே இறங்கினால், இன்ஸ்பெக்டர் நேராகக் கொல்லைப் பக்கம் கிணற்றடியில் நிற்கிறார். தங்கை குடத்தோடு நிற்கிறாள். வாலாஜாபாத்துப் பையன் கையில் கயிறு. அவளுக்காகத் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"இவரு யாருமா?" என்று இன்ஸ்பெக்டர் தங்கையைக் கேட்டார்.

தங்கை என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாடியில் சொல்லிக்கொடுக்கும்போது அவர்கள் இரண்டு பேரும் அங்கே இல்லை.

அந்த ஒரு நொடி என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். மாமன் மகன் என்றால் முறைப்பையன். அத்தை மகன் என்றாலும் முறைப்பையன். வயசுப்பெண் இருக்கிற வீட்டில் முறைப்பையனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம், அவன் கிணற்றடியில் நிற்கிறான் என்று ஆகும். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்துகிற பாவனையில் அந்தம்மா நின்றுகொண்டிருக்கிறார். ஒரே புடவையை மூன்றாவது தடவையாக உதறுகிறார்.

"பெரியப்பா பையன் சார். ஒண்ணுவிட்ட பெரியப்பா. எங்களுக்கு அண்ணன் முறை" என்றேன்.

"அண்ணனாமா?" என்று இன்ஸ்பெக்டர் தங்கையைக் கேட்டார். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "ஆமா" என்றாள்.

இன்ஸ்பெக்டர் கைப்பையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். லைசென்சு இல்லாத வீட்டில் யார் தங்கினாலும், அவர் என்ன உறவு என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதை மூன்று தடவை படித்தேன். படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. பிறகு அவன் பெயருக்கு எதிரே 'ஒன்றுவிட்ட பெரியப்பா மகன், சகோதர முறை' என்று என் நல்ல டீச்சர் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. இன்ஸ்பெக்டர் போனதும் தங்கையைச் சமையலறைக்குள் இழுத்து, "அவங்க போற வரைக்கும் அண்ணா அண்ணான்னு கூப்டு. எதுத்த வூட்ல கேக்கணும்" என்றேன்.

அவளும் கூப்பிட்டாள். அண்ணா, காபி. அண்ணா, உங்கம்மா கூப்பிடறாங்க. ஒவ்வொரு தடவையும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். பொய்யில் பங்கு வாங்கிய கூச்சம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, கூச்சப்படுகிறவன் ஏன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அதிலும் சந்தேகம் வந்தது.

அவர்கள் ஆடியில் மறுபடியும் வந்தார்கள். திருவிழா ஒன்றும் இல்லை. அந்த அம்மாளுக்கு அம்மன் கோயிலில் ஏதோ வேண்டுதலாம். புரட்டாசிச் சனிக்கிழமைக்கு வந்தார்கள். தை பிறந்ததும் அரிசி கொண்டுவந்தார்கள். வரும்போதெல்லாம் அந்த அம்மாள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள், கேள்விகள் கேட்பாள். கிணத்துல கோடைக்கும் தண்ணி இருக்குதா? வூடு யார் பேர்ல இருக்குது? சித்தப்பா போக்குவரத்து உண்டா? சின்னப்பொண்ணு எதுவரைக்கும் படிச்சுது? பெரியபொண்ணுக்கு ஏன் இன்னும் ஆகல?

எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஒன்று, சித்தப்பா அனுப்பிய ஆட்கள். இல்லையென்றால் நகராட்சிக்கு வேவு பார்க்கிறவர்கள். காசு கொடுத்துத் தங்குகிறோம் என்று சாட்சி சொல்ல வந்தவர்கள். அதனால் அவர்கள் கொடுத்ததை அம்மா கையில் வாங்கவிடாமல் தடுத்தேன். அரிசிப் பையைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மாள் கண் கலங்கிவிட்டாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கையும் அம்மாவும் ஏன் அவர்கள் வரவை எதிர்பார்த்திருந்தார்கள், தங்கை ஏன் அவனை அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் பேசினாள் என்பதெல்லாம் என் கண்ணில் பட்டது. பட்டும் எனக்கு உறைக்கவில்லை. சந்தேகப்படுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். தேடுகிற திசையில் மட்டும்தான் தெரியும்.

மாசியில், வெள்ளித்தேர் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்த அந்த அம்மாள், தட்டில் பூ, பழம், வெற்றிலை பாக்கு வைத்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தாள். பையன் வரவில்லை.

"சுத்தி வளைக்கலமா. உங்க சின்னபொண்ண என் புள்ளைக்குக் குடுங்க. நீங்க எது செய்றீங்களோ செய்யுங்க, நான் வாய் தொறக்க மாட்டேன். எங்க ஆளுங்கள கேட்டுட்டேன். குலம் கோத்திரம் எல்லாம் பார்த்தாச்சு. முறையும் நல்லா இருக்குது."

அம்மா அழுதுவிட்டாள். தங்கை கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகம் அவளுக்கு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

"எப்டிங்க? அண்ணன் முறைன்னு எழுதிக் குடுத்திருக்கேனே" என்றேன்.

அந்த அம்மாள் சிரித்தாள். "அது ஆபீசுக்குச் சொன்னதுதானேமா. அங்க போயி இல்லைன்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

முடியவில்லை. செய்தி வெளியே போன மறுநாளே எதிர்வீட்டம்மா வாசலில் நின்று, "இன்னாமா, கேள்விப்பட்டேன். அண்ணனுக்கே கட்டிக் குடுக்கறீங்களாமே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் குத்தல் இருந்ததோ, வெறும் ஆச்சரியம்தானோ, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தெருவில் எல்லாருக்கும் தெரியும், அது பொய் உறவென்று. எல்லாருமே அதே பொய்யைச் சொன்னவர்கள்தான். ஆனால் மற்றவர்கள் சொன்ன மாமாவும் அத்தையும் திருவிழா முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். எங்கள் அண்ணன் திரும்பித் திரும்பி வந்தான். தங்கை ஊரறிய அவனை அண்ணா என்று கூப்பிட்டும் இருந்தாள்.

பையனின் தாய்மாமன் ஒருவர் வந்தார். துண்டை மடியில் போட்டு உட்கார்ந்து, நிதானமாகப் பேசினார். "தப்பா நெனக்காதீங்க. ஆபீஸ்ல எழுதிக் குடுத்தது பொய்யா, இல்ல இப்போ சொல்றது பொய்யா? உங்கப்பாரும் இல்ல, விசாரிக்க. நாளைக்கு பங்காளி வூட்ல பொண்ணு எடுத்தோம்னு ஒருத்தன் சொன்னா எங்க மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? நீங்க என்கூட வாங்க. அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட, நான் எழுதினது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

"வரேன்" என்றேன்.

போகவில்லை. பங்குனியில் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. சித்திரையில் இன்ஸ்பெக்டர் லீவில் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை. வைகாசியில் திருவிழா, அந்தக் கூட்டத்தில் எப்படிப் போவது? உண்மையான காரணத்தை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்று நானே ஆபீசில் போய் ஒப்புக்கொண்டால், அது பள்ளிக்கூட நிர்வாகத்துக்குப் போகும். ஒரு டீச்சர் பொய்க் கையெழுத்துப் போட்டாள் என்றால் வேலையில் வைத்துக்கொள்வார்களா? வேலை போனால் கல்யாணத்தை எதை வைத்துச் செய்வது? அம்மாவுக்கு அது சரியென்று பட்டது. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அந்த வைகாசி மாடியில் யாரையும் வைக்கவில்லை. பயம்.

தாய்மாமனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஆனியில் கடைசி முகூர்த்தம் பார்த்திருக்கிறார்களாம். அதற்குள் விஷயம் தெளியாவிட்டால் திருப்புட்குழியில் வேறொரு பெண் இருக்கிறாளாம். அந்தக் கார்டை நான் தங்கையிடம் காட்டவில்லை. ஆனால் போஸ்ட்மேன் கையிலிருந்து வாங்கியதே அவள்தான். என்னிடம் கொடுப்பதற்கு முன்பே அவள் படித்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தங்கை வெளியே போகும்போது கட்டும் புடவையை மாற்றாமல் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றாள்.

"ஆபீசுக்குப் போயிருந்தேன்" என்றாள் தங்கை.

"யாரைக் கேட்டுப் போன? என் பேரச் சொன்னியா? எழுதி வாங்கினாங்களா?"

"ஒண்ணும் வாங்கல. இன்ஸ்பெக்டர் உக்காரச் சொல்லி கேட்டாரு. எல்லாம் சொன்னேன். சிரிச்சாரு. அந்தக் கடுதாசி அந்தத் திருவிழாவுக்கு மட்டும்தான் செல்லுமாம். திருவிழா முடிஞ்சதும் கழிச்சுடுவாங்களாம். அது கெடயவே கெடயாதுக்கா. போன வருஷம் ஆனியிலயே இல்லியாம்."

கையிலிருந்த நோட்டுக் கட்டைக் கீழே வைத்தேன்.

"தாய்மாமன்கிட்ட நானே வந்து சொல்றேன்னு சொல்லி அனுப்பிச்சாரு. நல்ல மனுஷன்." அவள் எழுந்து என் எதிரே வந்தாள். "கடுதாசியில கீழ அச்சடிச்சு இருக்குமாம், இந்தத் திருவிழாவுக்கு மட்டும்னு. நீ படிக்கலியா?"

"பார்த்த ஞாபகம் இல்ல."

"நீ படிச்சிருப்ப. படிக்காம நீ எதுலயும் கையெழுத்துப் போடமாட்ட."

படித்திருந்தேன். மூன்று தடவையும் படித்திருந்தேன். எந்த ஆபீஸ் எந்தக் காகிதத்தைக் கழித்தது, சும்மா போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அதைத்தான் அவளிடம் சொன்னேன். நம்பிக்கை இல்லை, அதனால்தான் பயந்தேன் என்றேன்.

"நீ ஆபீசுக்குப் பயப்படலக்கா" என்றாள் தங்கை. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "நான் போயிட்டா இந்த வூட்ல நீ ஒண்டியா ஆயிடுவ. அதுக்குப் பயந்துகினு இருந்த. நாலு மாசம் என்ன தவிக்கவிட்ட."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. அவளாவது "அப்டியெல்லாம் சொல்லாதடி" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் உழைத்துப் போட்டவளைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையா என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது, பாடம் நடத்தும்போது, பிள்ளைகள் எழுதுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அவள் சொன்னதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஊரில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட்டவள், என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. பழக்கமில்லாத வேலை. வலித்தது. அவள் சொன்னதில் பாதி உண்மை என்று முடிவு செய்தேன். எந்தப் பாதி என்று மட்டும் முடிவு செய்ய முடியவில்லை.

ஆனியில் கல்யாணம் நடந்தது. குறை ஒன்றும் இல்லாமல் நடத்தினேன். எதிர்வீட்டம்மா பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினார், அன்றைக்கு மட்டும் அவரை நான் கண்காணிக்கவில்லை. தங்கை கிளம்பும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் காலில் விழுந்து கும்பிட்டாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. தீபாவளிக்கு வந்தபோதும், பொங்கலுக்கு வந்தபோதும் கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். மாப்பிள்ளைதான் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு மில் கதைகள் சொல்லிச் சமாளித்தார்.

அடுத்த வைகாசி வந்தது. கருட சேவைக்கு வருகிறோம், மாமியார், தாய்மாமன் குடும்பம் எல்லாம் சேர்த்துப் பத்துப் பேர் என்று தங்கை அம்மாவுக்குக் கார்டு போட்டிருந்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மாடிக்கு நானே நின்று சுண்ணாம்பு அடிக்கவைத்தேன். கிணறு இறைத்தோம். புதுப் பாய்கள், புதுத் தலையணைகள். இரண்டு நாளைக்குப் பலகாரம் செய்து டின்னில் போட்டோம். இந்தத் தடவை அவளிடம் மனம்விட்டுப் பேசிவிடவேண்டும், நீ சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிடவேண்டும் என்று வார்த்தைகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

பத்துப் பேரும் மூட்டை முடிச்சுகளோடு தெருவில் நுழைந்ததை வாசலிலிருந்து பார்த்தேன். நேராக எதிர்வீட்டுக்குள் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் தங்கை மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு வெல்லமும் அவலும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"எதுத்த வூட்ல எடம் சொல்லிட்டோம்மா. அவங்ககிட்ட லைசென்சு இருக்குது பாரு" என்றாள்.

"சொந்த வூடு இருக்கும்போது இன்னாடி இது? நீங்க சொந்தக்காரங்கதானே, உங்களுக்கு எதுக்குடி லைசென்சு?" என்று அம்மா பதறினாள்.

தங்கை என்னைப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா, அக்கா எங்கள யாருன்னு எழுதிக் குடுக்கும்?" என்றாள்.

நான் போய்ப் பலகார டின்னின் மூடியை அழுத்தி மூடினேன். அவள் அம்மாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, மாமியாருக்குக் காபி நேரம் என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் பொழுது விடிந்து, கருட சேவை முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகு, பலகார டின்னைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். எதிர்வீட்டம்மா வாசலில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகலாமா என்று தெரியாமல் நின்றேன். அந்த வீட்டுக்குள் போக நான் ஒருநாளும் அனுமதி கேட்டதில்லை.

"தங்கச்சியப் பாக்கணும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டு, நோட்டைப் புரட்டி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடினார்.

"மாடியில ரெண்டாவது ரூம்மா" என்றார். "இருங்க, இருக்காங்களான்னு கேட்டுட்டு வரேன்."